நாடாவுக்குக் கீழே ஒரு பொருக்கு

எனக்கு ஆறு நாளாகக் காய்ச்சல் விடவில்லை. அப்போதுதான் எங்கள் குவார்ட்டர்ஸுக்குக் காய்ச்சல் கணக்கெடுக்க ஒரு நர்சம்மா வந்தாள். ஒல்லி உடம்பு, பேசும்போதே குனிந்து சேலைக் கரையை உதறிக்கினே இருந்தாள். என் வூடு என்ன, அழுக்கா? குவார்ட்டர்ஸில் கூடாதென்று சொல்லியும் பின்பக்கம் ஆடு கட்டியிருப்பதை வேவு பார்க்க வந்தவள் என்றே நினைத்தேன்.

“பாவாடை நாடாவத் தளத்துங்க ஆயா, பாக்கணும்.”

“எதுக்கு? பிரசவம் பாக்கப் போறியா?”

அவள் சிரிக்கவில்லை. “உண்ணிக் காய்ச்சலா இருந்தா, உண்ணி கடிச்ச எடத்துல கருப்பா பொருக்கு தட்டும். வெக்கப்பட்டு மறைச்சவங்க மூச்சு முட்டிச் செத்திருக்காங்க.”

பொருக்கு இருந்தது. நாடா உராய்ந்த புண் என்று மஞ்சள் பூசி வைத்திருந்தேன். காட்டினேன். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். மாத்திரையில் மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரர்கூட வெளிச்சத்தில் பார்க்காத இடம் அது. முன்பின் தெரியாத அவளிடம் எப்படிக் காட்டினேன் என்பதுதான் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.