மூன்று ஷிஃப்ட் மாவீரன்

வந்திருந்தவர்கள் மூன்று பேர். எங்கள் பனியன் ஊரின் ராயபுரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் செந்தில், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லரான அந்தோணி, பிறகு நான். வராதவர் ஒருவர். எங்களைக் கூட்டியதே அவர்தான் — ஆன்லைன் கேம் ஒன்றை உருவாக்கிய மகானுபாவர். எந்த நாடோ, எந்த ஊரோ... அவர் அனுப்பிய மெயிலைச் சுற்றி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்திருந்தோம்.

உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஆடுகிற கேம் அது. சிப்பாயாகச் சேர்ந்து, பூதங்களை வெட்டி வெட்டி மாவீரனாக வேண்டும். பொறுமை இல்லாத வெளிநாட்டுக்காரர்கள், தயாரான மாவீரனை டாலர் கொடுத்து வாங்குகிறார்களாம். இரண்டு மாதம் முன்பு இதைக் கேட்டதும் செந்திலுக்குப் பொறி தட்டியது.

"ஏனுங்க மாப்ள, இது ஜாப் ஒர்க்குங்க! அவன் ஆர்டர் குடுக்கறான், நாம முடிச்சுக் குடுக்கறோம். இன்னும் பத்து வருசத்துல பாருங்க, பனியனை உட்டுப்போட்டு ஊரே பூதம் வெட்டும்!"

எங்கள் ஊர்க்காரனிடம் நிலாவைக் காட்டினாலும் பீஸ் ரேட் எவ்வளவு என்றுதான் கேட்பான்.

முதலீடாகச் செந்தில் தன் கம்ப்யூட்டரைப் போட்டான். அந்தோணி தீபாவளி போனஸைப் போட்டான். சொந்தமாக ஒரு பழைய ஓவர்லாக் மிஷின் வாங்க வைத்திருந்த பணம். மாதச் சந்தா, யூபிஎஸ் பேட்டரி எல்லாம் அதில்தான். நான்? எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன். படிப்பைப் போட்டேன். அதாவது, நாற்பது பக்க விதிமுறைக்குக் கீழே இருந்த 'சம்மதம்' பட்டனை, ஒரு வரி படிக்காமல் அழுத்தினேன்.

மிஷின் சும்மா நிற்கக் கூடாது. இது இந்த ஊரின் வேதம். ஆகவே ஒரே மாவீரன், மூன்று ஷிஃப்ட். பகலில் செந்தில், சாயங்காலம் நான், இரவில் அந்தோணி. கம்பெனியில் பனியன் தைத்துவிட்டு வந்து பூதம் வெட்டினான். ஷிஃப்ட் மாறும்போது, எத்தனை பூதம், எந்த லெவல் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்து வேறு! நாற்பது நாளில் மாவீரன் ரெடி. வாங்குவதற்கும் ஆள் ரெடி.

அப்போதுதான் அந்த மெயில். 'உங்கள் வீரன் நாற்பது நாளாகத் தூங்கவில்லை. ஆடுவது மனிதனா, சாஃப்ட்வேரா? கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறோம். விளக்கம் தரவும்.'

அந்தோணியின் முகம் வெளுத்துவிட்டது. "மக்கா, நாம மனுசப் பயலுவதாம்னு எழுதிப் போடு. நீதான படிச்சவன்?"

எழுதினேன். டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம். 'ஐயா, நாங்கள் சாஃப்ட்வேர் அல்ல. நேர்மையான மூன்று உழைப்பாளிகள். எட்டு மணி நேரத்துக்கு ஒருவராக ஆடுகிறோம். ஆதாரமாக ஷிஃப்ட் நோட்டை ஸ்கேன் செய்து இணைத்துள்ளோம்.'

"அருமைங்க! இதுக்குத்தானுங்க படிச்சவன் வேணுங்கறது" என்றான் செந்தில்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. நாங்கள் மனிதர்கள்தான் என்று பெரிய மனதோடு ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒரு கணக்கை ஒருவர்தான் ஆட வேண்டும் என்பது விதியாம். நாங்களே ஆதாரம் அனுப்பியதற்கு நன்றியாம். மாவீரன் நிரந்தரமாக நீக்கம்.

அந்தோணி ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தான். "உள்ளதைத்தான மக்கா எழுதுன?"

"ஆமா."

"அப்பம் சரி" என்று எழுந்து கம்பெனிக்குப் போய்விட்டான். திட்டியிருக்கலாம்.

இந்த கேம்களின் எதிர்காலம் என்ன? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். உருவாக்குகிறவர்கள் ஒருநாள் விழித்துக்கொள்வார்கள். கேமை இலவசமாகக் கொடுத்துவிட்டு, வாளையும் கேடயத்தையும் அவர்களே கடை போட்டு விற்பார்கள். மாவீரனையும் அவர்களே விற்பார்கள். ஆடுகிறவன் வேலை பார்ப்பான்... உருவாக்கியவன் விளையாடுவான். நடக்காது என்கிறீர்களா? எங்களிடம் ஏற்கெனவே நடந்துவிட்டதே!

அந்தோணி இன்னும் கம்பெனி மிஷினில்தான் தைக்கிறான். என் ஒன்றரை மணி நேர ஆங்கிலத்துக்கு ஆன செலவு — அவனுடைய ஏழாயிரத்து நானூறு ரூபாய்.