சிறப்பு விருந்தினருக்காகக் காத்திராத ஆமை

எங்கள் அலுவலகத்துக்குக் கடல் மீது பாசம் வருவது ஆண்டுக்கு ஒருமுறை. அதுவும் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தால்தான். மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அப்படியொரு பாசம் பொங்கி, பாகூருக்குக் கிழக்கே ஒரு மீனவர் குப்பத்தின் கடற்கரைக்கு எல்லா ஊழியர்களும் காலை ஏழு மணிக்கு வந்து குப்பை பொறுக்க வேண்டும், வராதவர்கள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்று உத்தரவானது.

நான் அங்கே எழுத்தர். இயற்கையைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதியையும் சொல்லிவிடுகிறேன். கரிக்கலாம்பாக்கத்தில் நெல் விளைந்த நிலத்தில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டவன் நான். மழைக்காலத்தில் தவளைகள் தங்கள் பழைய முகவரியைத் தேடிக்கொண்டு கூடத்துக்குள் வந்துவிடும். அவற்றைத் துடைப்பத்தால் வெளியே தள்ளிவிட்டு, சுற்றுச்சூழல் விழிப்புணர்வு வாசகம் எழுத உட்காருவேன். அலுவலகத்தில் எனக்குத்தான் தமிழ் நன்றாக வரும் என்று ஒரு பேச்சு உண்டு.

அன்றைய பேனரும் என் கைவண்ணம்தான். ‘பிளாஸ்டிக்கை ஒழிப்போம், கடலைக் காப்போம்’ என்ற வாசகத்தைப் பன்னிரண்டடி நீள பிளாஸ்டிக் ஃப்ளெக்ஸில் அச்சடித்திருந்தோம். நடுவில் ஓர் ஆமைப் படம். இணையத்தில் முதலில் வந்த ஆமை அது. பேனரைக் கட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எழுந்து வந்து அதை உற்றுப் பார்த்தார்.

“இன்னா சார், இதுக்குக் காலு கீது?”

“ஆமைன்னா கால் இருக்காதாம்மா?”

“கடலாமைக்குத் துடுப்பு சார். இது தரையில நடக்கறது. கடல்ல போட்டா முழுவிப் பூடும்.”

கடலைக் காப்பாற்ற வந்த அரசு ஊழியனுக்கு இதெல்லாம் தெரிய வேண்டும் என்ற கட்டாயமில்லை என்பதால் நான் கயிற்றை இறுக்கிக் கட்டினேன்.

அதற்குள் வேறொரு சிக்கல் முளைத்தது. கடற்கரையில் குப்பையே இல்லை. சிறப்பு விருந்தினர் அசுத்தத்தைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாதென்று வெள்ளிக்கிழமையே துப்புரவுப் பணியாளர்களை அனுப்பி, குப்பையை ஒன்றுவிடாமல் அள்ளச் செய்திருந்தார் எங்கள் மேலதிகாரி. இப்போது நாங்கள் நாற்பது பேர் கையுறை மாட்டிக்கொண்டு, வெறும் மணலைப் பார்த்து நின்றோம். மேலதிகாரி தலையைச் சொறிந்தார்.

“தெக்கால கொஞ்ச தூரம் போய்ப் பாருப்பா. ஃபோட்டோல தெரியற மாதிரி நல்ல குப்பையா நாலு கொண்டா.”

நல்ல குப்பையைத் தேடித் தெற்கே நடந்தேன். இரண்டு நிமிட நடையில், அலை ஏறி இறங்கிய மேட்டில் பச்சை நைலான் வலை ஒன்று குவியலாகக் கிடந்தது. அசலான குப்பை. மகிழ்ச்சியோடு ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். வலைக்குள்ளிருந்து பெருமூச்சு வந்தது. நாள் முழுக்க உழைத்துக் களைத்த ஒரு மனிதர் விடும் மூச்சு மாதிரியே இருந்தது. பின்னால் துள்ளி விழுந்தேன்.

உள்ளே ஓர் ஆமை. இரண்டடிக்கு மேல் நீளம், சாம்பலும் பச்சையும் கலந்த ஓடு. முன்பக்கத் துடுப்பு ஒன்றில் நைலான் நூல் சதை வரைக்கும் இறங்கியிருந்தது. கழுத்திலும் இரண்டு சுற்று. கண்ணிலிருந்து கொழகொழவென்று ஏதோ வழிந்தபடி இருந்தது. அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த பயிற்சி முழுவதையும் பயன்படுத்தி, வேறு யாரையாவது கூப்பிட ஓடினேன்.

கருவாட்டு அம்மாதான் மீன் அறுக்கும் கத்தியோடு முதலில் வந்தார். மண்டி போட்டு உட்கார்ந்து, நூலுக்கும் சதைக்கும் நடுவில் விரலைக் கொடுத்துத் தூக்கித் தூக்கி அறுத்தார். நான் ஓட்டைப் பிடித்துக்கொண்டேன். என் உள்ளங்கைக்குக் கீழே அந்த உடம்பு ஏறி இறங்கியது.

“அழுவுதும்மா,” என்றேன்.

“அழுவல சார். உப்பு. கடல்ல குடிக்கிற உப்பைக் கண்ணுல வுடும்.” கழுத்து நூலை அறுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஆமையும் அமீனாவும் பூந்த வூடு உருப்படாதும்பாங்க. இன்னிக்கி ஆமையும் வந்துடுச்சி, ஆபீசருங்களும் வந்துட்டீங்க. எங்க குப்பம் எப்படி உருப்படும்?”

மேலதிகாரி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். ஆமையைப் பார்த்ததும் அவர் முகம் பதவி உயர்வு ஆணையைப் பார்த்தது போல மலர்ந்தது.

“யாரும் தொடாதீங்க. சீஃப் கெஸ்ட் கையால கடல்ல வுடறோம். ஒம்பது மணிக்கு வந்துடுவாரு.”

ஒன்பது மணி ஆனது. சிறப்பு விருந்தினர் புறப்பட்டுவிட்டார் என்று தகவல் வந்தது. ஒன்பதரைக்கும் அதே தகவல்தான். வெயில் ஏறியது. ஆமை தலையைத் தூக்குவதை நிறுத்திவிட்டது. மேலதிகாரிக்கும் இரக்கம் உண்டு. குடிநீர் பாட்டில் ஒன்றைத் திறந்து அதன் தலையில் ஊற்றினார்.

“அந்தாண்ட அவ்ளோ தண்ணி கீது, இதுக்குப் பாட்டில் தண்ணியா?” என்றார் அந்த அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: “இன்னும் செத்த நேரம் வச்சா பூடும் சார். வுடுறதுன்னா இப்பவே வுட்டுடுங்க.”

இருபத்து மூன்று ஆண்டுப் பணியில் உத்தரவில்லாமல் நான் செய்த காரியம் எதுவுமில்லை. விடுப்பு எடுப்பதற்குக்கூட அனுமதி கிடைத்த பிறகே காய்ச்சலில் படுப்பவன். அன்று என்னவோ ஆகிவிட்டது. துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். என் கைக்கடியில் அந்த மூச்சு குறைந்துகொண்டே வந்ததை என்னால் தாங்க முடியவில்லை. மேலதிகாரி கைப்பேசியோடு சற்றுத் தள்ளிப் போன நேரத்தில், ஓடிப்போய்ப் பேனரை அவிழ்த்துக்கொண்டு வந்தேன். வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டேன். ஆமையைப் பேனர் மேல் ஏற்றி, அந்த அம்மாவும் சேர்ந்து நான்கு பேரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து இழுத்தோம். கால் முளைத்த ஆமையின் மேல் துடுப்பு ஆமை உட்கார்ந்து போனது. அந்த வாசகம் எழுதியதற்கு ஒரு பயன் இருந்ததென்றால் அது இதுதான்.

முதல் அலை வந்தபோது அது அசையவில்லை. இரண்டாவது அலை முகத்தில் மோதியது. மூன்றாவது அலையில் துடுப்புகள் மணலைத் தள்ளின. பிறகு எங்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தது என்றெல்லாம் எழுத ஆசைதான். பார்க்கவில்லை. போய்விட்டது. இடுப்பளவு தண்ணீரில், சட்டைப்பையில் கைப்பேசி இருப்பதை மறந்து நின்றுகொண்டிருந்தேன்.

சிறப்பு விருந்தினர் பத்தரைக்கு வந்தார். “எங்கப்பா ஆமை?” என்று கேட்டார். மேலதிகாரி என்னைப் பார்த்தார், நான் கடலைக் காட்டினேன். விருந்தினர் நல்ல மனிதர். கடலைப் பார்த்துக் கை அசைத்தார், படம் எடுத்தார்கள். அடுத்த நாள் செய்தித்தாளில், உயிருக்குப் போராடிய ஆமையை அவர் கடலில் விட்டு நிகழ்ச்சியைத் தொடங்கி வைத்ததாக வந்திருந்தது. படத்தின் ஓரத்தில் நனைந்த கால்சட்டை ஒன்று தெரிந்தது. அது நான்.

செவ்வாய்க்கிழமை மாலை, மீன் வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு மறுபடி அங்கே போனேன். ஏன் போனேன் என்று யாராவது கேட்டிருந்தால் எழுத்து மூலம்கூட விளக்கம் தந்திருக்க முடியாது. கரையில் காகங்கள் கூடியிருந்தன. ஓர் ஆமை செத்து ஒதுங்கியிருந்தது; பாதி உடம்பு மணலில் புதைந்திருந்தது.

சம்பந்தப்பட்ட துறைக்குத் தொலைபேசியில் சொன்னேன். எதிர்முனையில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, “ஆமை பாண்டிச்சேரி பக்கமா, தமிழ்நாட்டுப் பக்கமா?” எங்கள் பகுதியில் நியாயமான கேள்விதான். ஒரே தெருவில் இரண்டு மாநிலங்களைத் தாண்டிப் போய்ப் பால் வாங்குகிறவர்கள் நாங்கள். ஆனால் ஆமையிடம் குடும்ப அட்டை இல்லை. “பாண்டிச்சேரிதான் சார்,” என்றேன். காலையில் ஆள் வரும் என்றார்.

கருவாட்டு அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

“அன்னிக்கி வுட்டோமே, அதுவாம்மா இது?”

அவர் ஆமையைப் பார்க்கவே இல்லை. “அது இல்ல சார். அது எப்பவோ தூரம் பூட்ச்சி. இது வேற,” என்றார், உடனே.

அவ்வளவு சீக்கிரம் எப்படிச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. துடுப்பில் நூல் அறுத்த காயம் இருக்கிறதா என்று மணலை விலக்கிப் பார்த்திருக்கலாம், அதையும் செய்யவில்லை. அலுவலகத்தில் எனக்குப் பிடிக்காத கோப்புகளையும் இப்படித்தான் திறக்காமல் வைத்துவிடுவேன்.

“நாய்ங்க இழுக்கும்,” என்று சொல்லிவிட்டு அவர் படகு மறைவிலிருந்து தென்னங்கீற்று இரண்டை இழுத்து வந்தார். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். ஆமையின் மேல் கீற்றைப் பரப்பி, காற்றில் பறக்காமல் சுற்றிலும் ஈர மணலை அள்ளிப் போட்டு, இருவரும் மிதித்து அழுத்தினோம்.