ஒரு நூல் கூட வாடை இல்லாமல்

என் தோழி தையல் கம்பெனி வேலையை விட்டது என் பேச்சைக் கேட்டுத்தான். இதை முதல் வரியிலேயே எழுதி வைக்கிறேன். பின்னால் வரும் குழப்பத்தில் இது மட்டும் தொலைந்துபோகக் கூடாது.

அவள் வீடு ராயபுரத்தில், மாதா கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவும் இரண்டு தங்கைகளும் அவளை நம்பி இருந்தார்கள். வெளிநாட்டுக்குச் சட்டை அனுப்பும் ஒரு கம்பெனியில் அவளுக்குக் காலர் தைக்கிற வேலை. காலர் மட்டும்தான். உடம்பு, கை, பித்தான் எல்லாம் வேறு வரிசைகளில் வேறு பெண்கள் தைத்தார்கள். "முழு சட்டைய கண்ணால பாத்தே நாலு வருசம் ஆவுதுமே" என்பாள்.

நான் பாலிடெக்னிக்கில் படம் வரையப் படித்துவிட்டு, திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் டிராயிங் ஆபீசில் இருந்தேன். பம்புக்கும் வால்வுக்கும் படம் போடுவேன். எதையும் பட்டியல் போடாமல் என்னால் யோசிக்க முடியாது. பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படி. தோழி என் நோட்டை "ரேஷன் கார்டு" என்று கிண்டல் செய்வாள்.

எங்கள் தொழிற்சாலை அதிகாரி ஒருவர் ஒரு படகுச் சங்கத்தின் செயலாளர். எண்ணூர்க் கழிமுகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பாய்மரப் படகுகளை ஓட்டுபவர்கள், எல்லாம் சேர்த்து முப்பது பேர் இருப்பார்கள். அவர் ஒரு நாள் கிழிந்த மேல்சட்டை ஒன்றை என் பலகை மேல் கொண்டுவந்து போட்டார். தலைவழியாக மாட்டிக்கொள்கிற, பித்தான் இல்லாத முரட்டுச் சட்டை. எப்போதோ ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுச் சென்றதாம். இப்போது அதெல்லாம் இறக்குமதி கிடையாது. "எதைக் கொடுத்தாலும் அளந்து வரையறீங்களே, இதையும் வரையுங்க" என்றார். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

நான் அன்று சாயங்காலமே ராயபுரம் போய்த் தோழியிடம் சட்டையைக் காட்டினேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத்த போட்டுகினு எங்க போறாங்க?"

"எங்கயும் இல்ல. தண்ணியில ரெண்டு மிதவை கட்டியிருக்காங்க. அத சுத்திட்டுக் கிளம்பின இடத்துக்கே வராங்க."

"மீனு?"

"மீன் பிடிக்கறதில்ல."

"அப்பால இன்னாத்துக்குமே போறாங்க?"

எனக்கும் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்த பிறகும் தெரியவில்லை. காற்று கண்ணைத் திறக்க விடாமல் அடித்தபோது அவர்கள் "நல்ல காற்று" என்றார்கள். இதமாக வீசியபோது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். ஆனால் அந்த மாதிரிச் சட்டை இந்த ஊரில் வேறு யாரிடமும் இல்லை, அதைத் தைக்க வேறு யாரும் இல்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்த ஒரு தெளிவை வைத்துக்கொண்டு, வேலையை விட்டுவிடு, நாம் தைக்கலாம், பெயர் வைத்துத் தைக்கலாம் என்று சொன்னேன். அவள் ஒரு வாரம் யோசித்தாள். பிறகு விட்டுவிட்டாள். கம்பெனியில் அவள் இடத்தில் மறுநாளே இன்னொரு பெண் உட்கார்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். திரும்பிப் போக வழியில்லை.

முதல் சட்டை தோற்றது. வரைபடத்தில் எந்தப் பிழையும் இல்லை. முன்தோற்றம், பக்கத்தோற்றம், விரிப்பு எல்லாம் சரி. போட்டுப் பார்த்தவர் படகில் ஏறியதும் சட்டை இடுப்புக்கு மேல் சுருண்டு ஏறிவிட்டது. சங்கத்துப் படகுகளைப் பார்த்துக்கொள்ளும் நெட்டுக்குப்பத்துக்காரர் கரையில் நின்று சிரித்தார். நாற்பது வயது இருக்கும், எதற்கும் சிரிக்கிற மனிதர்.

"தங்கச்சி, நிக்க வெச்சு அளவு எடுத்தியா?"

"ஆமாம்."

"அப்ப நின்னுகினுதான் ஓட்டணும். அவுங்க படகுக்கு வெளிய மல்லாந்து தொங்கறத பாத்தியா இல்லியா?"

பார்த்திருந்தேன். குறித்தும் வைத்திருந்தேன். அளவு எடுக்கும்போது அது எப்படி நினைவுக்கு வராமல் போனது என்பது இன்றுவரை பிடிபடவில்லை. பிறகு ஆளைப் பெஞ்சின் விளிம்பில் உட்கார்த்தி, பின்னால் சாயச் சொல்லி அளவெடுத்தோம். முதுகுப் பக்கம் நான்கு அங்குலம் நீண்டது.

அடுத்தது தண்ணீர் புகக் கூடாது என்றார்கள். கெட்டிக் காடாத்துணியில் தைத்து, பெயிண்ட் கடையில் விற்கிற லின்ஸீட் எண்ணெயை இரண்டு பூச்சு பூசி மொட்டைமாடியில் உலர்த்தினோம். தண்ணீர் புகவில்லை. ஆனால் நாற்றம் சொல்லி மாளாது. பழைய எண்ணெய்ச் சட்டியையும் பெயிண்ட் டப்பாவையும் ஒன்றாக மூடிவைத்துத் திறந்த மாதிரி இருந்தது. அடுத்த மாடியில் கருவாடு காயப்போட்டிருந்த அம்மாளே கைப்பிடிச் சுவர் வரை வந்து கத்தினாள்:

"இன்னாமே கலீஜ் பண்ணிகினு கீறீங்க? என் கருவாட்டு மேல ஒங்க நாத்தம் ஏறுது!"

நோட்டில் 'தீராதவை' என்று தலைப்பிட்டு எழுதினேன். ஒன்று, கழுத்து வழியாக நீர். இரண்டு, கைமடிப்பு. மூன்று, வாடை.

இங்கேதான் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சட்டைக்கு நான் வைத்த பெயரும் வாடை.

எண்ணூரில் பந்தயக் காலம் மார்கழி, தை. வடக்கிலிருந்து காற்று வரும் மாதங்கள். "வாடை எறங்குனா தான் இவுங்களுக்கு ஓட்டம்" என்று நெட்டுக்குப்பத்துக்காரர் சொன்ன அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். செயலாளரிடம் வடகாற்று என்று விளக்கினேன். "வெரி குட்" என்றார். வரைபட எழுத்து எழுதுகிற பேனாவாலேயே அந்த இரண்டு எழுத்துகளை வரைந்து, பாரிமுனைப் பக்கம் நாடா நெய்பவரிடம் கொடுத்தேன். நீல நாடாவில் வெள்ளை எழுத்து. ஒரு பெரிய உருளை வந்தது. பிரித்தால் வாடை வாடை வாடை என்று ஓடிக்கொண்டே இருந்தது.

தோழி அதைப் படித்துவிட்டு மிஷின் மேலேயே தலையைச் சாய்த்துச் சிரித்தாள்.

"மாதாவே! விக்கறதுக்கு முன்னாடியே நாறுதுன்னு எழுதி ஒட்டறியேமே!"

"இது காத்து."

"உனுக்குக் காத்து. ராயபுரத்துல எவளையாச்சும் கூப்ட்டுக் கேளு, வாடைன்னா இன்னான்னு."

கேட்கத் தேவையே இருக்கவில்லை. எங்கள் வீட்டிலும் மீன் கழுவிய கைக்கு வாடை என்றுதான் சொல்வோம். என் நோட்டிலேயே அந்த அர்த்தத்தில் எழுதியிருக்கிறேன். ஆனால் நோட்டில் இருந்த சொல்லும் நாடாவில் இருந்த சொல்லும் எனக்கு ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. ஒரே பெயருள்ள இரண்டு பேர் ஒரே ஆபீசில் இருந்தால் நமக்குக் குழப்பம் வராதே, அப்படி.

வெளியூரிலிருந்து ஒரு குழு பந்தயத்துக்கு வருவதாக இருந்தது. அவர்களோடு மோதப்போகிற சங்கத்துக்காரர்கள் எங்களிடம் பதினான்கு சட்டை கேட்டார்கள். இவை பிடித்துப்போனால் சங்கம் முழுவதற்கும் எங்களிடம்தான், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம் என்று செயலாளர் சொல்லிவிட்டார். தோழி அன்றிலிருந்து கிண்டலைக் குறைத்துக்கொண்டாள். பதினான்கையும் நெஞ்சுப் பக்கம் நீல நாடா வைத்துத் தைத்து, ஞாயிறன்று கொடுத்தோம்.

புதன்கிழமை நெட்டுக்குப்பத்துக்காரர் மூட்டையோடு ராயபுரம் வந்தார். பதினான்கும் திரும்பி வந்திருந்தன. தோழியின் முகம் சுருங்கிவிட்டது.

"பயப்படாத, சட்டை சோக்கா கீதாம். வாடைய மட்டும் எடுத்துட்டுத் தர சொன்னாரு. சனிக்கெயமைக்குள்ள வேணும்."

நான் நோட்டைத் திறந்தேன். தீராதவை, மூன்று. நானே எதிர்பார்த்திருந்த புகார்தான். அதனால் ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது.

"கொஞ்சம் குறைஞ்சா போதுமா, இல்ல முழுக்கவா?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதை இங்கே குறிப்பாகச் சொல்கிறேன்.

"ஒரு நூலு கூட இருக்கக் கூடாதாம்."

டிராயிங் ஆபீசில் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. வொர்க்‌ஷாப்பில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்: ஒரு நூல் குறை, அரை நூல் ஏற்று. ஆகவே துளியும் இருக்கக் கூடாது என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. வாடை இருப்பது எண்ணெயில். எண்ணெயை எடுத்தால் தண்ணீர் புகும். தண்ணீர் புகக் கூடாது என்று கேட்டவர்களே ஏன் இப்படிச் சொல்கிறார்கள்?

தோழிதான் முடித்துவைத்தாள். "கேக்கறவன் கேக்கறான். எடுத்துருமே. நம்ம பேஜாரு நமக்கு."

மூன்று நாள். பெரிய அண்டாவில் சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்து, முக்கி, அடித்து, அலசி, மறுபடி முக்கினோம். எண்ணெய் மஞ்சளாகக் கரைந்து இறங்கியது. கருவாட்டு அம்மாள் எட்டிப்பார்த்து, "இப்ப தான் மன்சாள் வூடு மாதிரி கீது" என்றாள். பதினான்கு சட்டைகளிலும் மூக்கை வைத்து மோந்து, ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு டிக் போட்டேன். பிரிந்து நின்ற நாடாக்களைத் தோழி மறுபடி இறுக்கித் தைத்தாள்.

சனிக்கிழமை மூட்டையை அவர் வாங்கிக்கொண்டு போனார். பிரித்துப் பார்க்கவில்லை.

ஞாயிறன்று இரண்டு பேரும் போனோம். வாடை நன்றாக இறங்கியிருந்தது. காற்றைச் சொல்கிறேன். படகுகள் கிளம்பிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அலை தெறித்துப் பதினான்கு பேரும் தொப்பலாக நனைந்துவிட்டார்கள். கரையிலிருந்தே தெரிந்தது. தோழி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

செயலாளர் நீர் சொட்டச் சொட்ட எங்களிடம் வந்தார். நெஞ்சிலிருந்த நாடாவை விரலால் தட்டினார்.

"இத எடுக்கச் சொன்னேன். இது இருக்கு. எண்ணெய் எங்கே?"

"வாடையை எடுக்கச் சொன்னீங்க, சார்."

"ஆமாம். வாடை. இதுதானே வாடை? என் வொய்ஃப் படிச்சுட்டு மூக்கைப் பொத்திட்டுச் சிரிச்சாங்க. வெளியூர் டீம்ல ரெண்டு பேர் தமிழ். அதான் எடுக்கச் சொன்னேன். ஒரு நூல் கூட மிச்சம் தெரியாம பிரிங்கன்னு சொன்னேனே."

நான் நெட்டுக்குப்பத்துக்காரரைப் பார்த்தேன். "நா சொன்னனே தங்கச்சி, ஒரு நூலுன்னு" என்றார். சொன்னார்தான். வழியில் யாரும் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. எல்லாரும் சரியாகச் சொல்லி, சரியாகக் கேட்டு, சரியாகச் செய்திருந்தோம். எந்த இடத்தில் கோடு போட்டுப் பிழை என்று காட்டுவது?

தோழி செயலாளரிடம் நேராகப் பேசினாள். "சார், தப்பு எங்க மேலதான். மறுபடி எண்ணெ பூசித் தரோம்."

அவர் படகுகள் பக்கம் போய்விட்டார். நாங்கள் மணலில் நின்றோம். அனல்மின் நிலையத்துப் புகை தெற்கே சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. படகுக்காரர்கள் சட்டையைக் கழற்றிப் பிழிந்து, பாய்க்கயிற்றில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்தபோது சட்டைகள் காய்ந்திருந்தன. ஒருவர் மாட்டிக்கொண்டு கையை மேலே தூக்கி இறக்கிப் பார்த்தார். இன்னொருவர், போன வாரம் இதற்குள் வெந்துபோனேன், இப்போதுதான் மூச்சு விட முடிகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர்களுக்குத் தண்ணீர் புகக் கூடாது என்பதா, புகுந்தது சீக்கிரம் வெளியேற வேண்டும் என்பதா? முதலில் கேட்டது எது? நோட்டைப் புரட்டினேன். முதலாவதுதான் எழுதியிருந்தது, என் கையெழுத்தில், அடிக்கோடு போட்டு.

பத்து நாள் கழித்து ஆபீசில் செயலாளர் என் பலகைக்கு வந்தார். சங்கம் முழுவதற்கும் சட்டை வேண்டுமாம். எண்ணெய் வேண்டாம், துவைத்த மாதிரியே. பெயரும் வேண்டாம். "இந்தத் தடவை புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

புரிந்தது என்றேன். அது உண்மையில்லை. நான் தொடங்க நினைத்தது பெயருள்ள ஒரு சட்டை. கிடைத்தது பெயரில்லாத சட்டைக்கு வேலை. இதை வெற்றி என்று எழுதுவதா, தோல்வி என்றா? ராயபுரம் போய் அதைத்தான் தோழியிடம் சொன்னேன். செயலாளரிடம் இரண்டு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டு பதில் சொல்லலாமா என்றும் கேட்டேன்.

அவள் மிஷினிலிருந்து கையை எடுக்கவில்லை. "உனுக்குப் பேரு வேணும். எனுக்கு வேலை வேணும்மே. உனுக்கு டிராயிங் ஆபீஸ் கீது."

பெயரை எடுப்பதற்காக மறுபடி திரும்பி வந்த பதினான்கு சட்டைகளிலிருந்தும் நாடாவை நானே உட்கார்ந்து பிரித்தேன். ஒரு நூல் கூட மிச்சம் வைக்கவில்லை.

புதிய சட்டைகள் தைக்கும்போது கழுத்தில் சிக்கல் வந்தது. தலைவழியாக இழுத்து இழுத்துத் துணி நைந்துபோகும் இடம் அது, உள்ளே எதையாவது கெட்டியாகக் கொடுக்க வேண்டும். நான் அளவு குறித்துக்கொண்டிருந்தேன். தோழி எழுந்துபோய் அந்த நீல உருளையை எடுத்துவந்தாள்.

"நல்ல நாடாமே இது. சொம்மா கெடக்குது."

இரண்டு மடிப்புத் துணிக்கு நடுவில் வைத்துத் தைத்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு கழுத்துக்குள்ளும் மூன்று நான்கு வாடை. வெளியே ஒன்றும் தெரியாது. அந்தச் சட்டைகள் இன்னமும் கழிமுகத்தில் ஓடுகின்றன. அவள் முன்னறையில் இப்போது மூன்று மிஷின்.

நோட்டில் அந்தப் பக்கத்தை இன்னும் முடிக்கவில்லை. மூன்றாவது வரியில் 'வாடை' என்று இருக்கிறது. டிக் போடலாமா என்று பேனாவை எடுப்பேன். எந்த வாடை என்று யோசித்துவிட்டு மூடிவைப்பேன்.