கனகத்துக்குப் பதில் சொல்லப் பழக்கினோம்

1. வேலைக்குச் சேர்ந்தது

பெருங்கடவிளை போகும் வழியில் இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் வார்டில் நான் உதவியாளாகச் சேர்ந்தபோது எல்லைப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. தமிழ் பேசும் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஆங்காங்கே கூட்டம் போட்டார்கள். ரிசர்வ் போலீஸ் வந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தது. பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறவன்கூட எந்த பாஷையில் கேட்பது என்று யோசித்துத்தான் வாயைத் திறப்பான். எனக்கு அந்தச் சிரமம் குறைவு. நான் எந்த பாஷையிலும் அதிகம் பேசுகிறவன் அல்ல.

வார்டை நடத்தியவர் எஸ்தர் சிஸ்டர், இந்தப் பக்கத்து நர்ஸ்தான். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தங்கையா, எதுவரைக்கும் படிச்ச?"

"அஞ்சாங் கிளாஸ்."

"ஒனக்குப் பேச்சு கொறவுன்னு கேள்விப்பட்டேன். உள்ளதா?"

தலையாட்டினேன்.

"அப்பம் நாளைக்கே வா. வாயாடியளெ வச்சு இஞ்ச ஒண்ணும் நடக்காது."

அந்த வார்டில் இருந்த பிள்ளைகளை இன்று ஆட்டிசம் என்று எழுதி அனுப்புகிறார்கள். அன்று எங்களுக்கு அந்தப் பேர் தெரியாது. ஊரில் பேய் பிடித்தது என்பார்கள். சிஸ்டர் அப்படிச் சொல்ல விடமாட்டார்.

2. பார்ப்பது

தையற்காரர் பொன்னையன் தன் மகள் கனகத்தைக் கொண்டுவந்து விட்டபோது அவளுக்கு எட்டு வயது. தாய் இறந்துவிட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கனகம் திரும்பமாட்டாள். அவளாக அப்பா என்று ஒருநாளும் சொன்னதில்லை. கேள்வி கேட்டால் அந்தக் கேள்வியையே திருப்பிச் சொல்வாள். "சாப்பிட்டியா?" என்றால் "சாப்பிட்டியா" என்பாள்.

"வெளாட்டு காட்டுதான்னு நெறய பேரு அடிச்சிற்றாவ சிஸ்டர்," என்றார் பொன்னையன். "நானும் ஒருக்கா அடிச்சேன். பெறவு கைய வெட்டிப் போடலாம்னு தோணிச்சு."

முதலில் யாரும் எதுவும் கற்றுக்கொடுக்கக் கூடாது என்பது சிஸ்டரின் சட்டம். பார்க்க வேண்டும். எதைத் தேடிப் போகிறாள், எதற்குக் காதைப் பொத்துகிறாள், எதைத் தானே செய்வாள், எதைக் கைபிடித்தால் செய்வாள். இப்போது இதற்கு அசெஸ்மென்ட் என்று பேர். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததைச் சாயங்காலம் சொல்வேன். கனகம் கிணற்றுக் கப்பி சுழல்வதைப் பார்த்து நிற்பாள். ஈரத்துணி மேலே பட்டால் அலறுவாள். சட்டையைத் தானே போடுவாள், பொத்தான் மட்டும் போடத் தெரியாது. கருப்பட்டிக்காக எதுவும் செய்வாள்.

"கருப்பட்டி போதும்," என்றார் சிஸ்டர். "கதவு தொறந்தாச்சு."

3. 'எங்க?'

வேலை இப்படி நடக்கும். சிஸ்டர் எதிரே இருப்பார். நான் கனகத்தின் முதுகுக்குப் பின்னால். டம்ளரைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, "டம்ளர் எங்க?" என்று சிஸ்டர் கேட்பார். கேள்வியை அவள் திருப்பிச் சொல்லும் முன் நான் அவள் காதில் "பெஞ்சுமேல" என்று சொல்ல வேண்டும். கடைசியாகக் கேட்டதைத்தானே சொல்வாள். அதனால் "பெஞ்சுமேல" என்பாள். உடனே உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டி.

பிறகு என் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். முதலில் பாதிச் சொல், அப்புறம் உதட்டசைவு, கடைசியில் ஒன்றும் இல்லை. பிராம்ப்டை எடுப்பது என்று இன்று சொல்கிறார்கள். ஒருநாள் நான் வாயை மூடிக்கொண்டிருக்க, அவளாகவே "பெஞ்சுமேல" என்றாள். சிஸ்டர் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வார்டுக்குள் சொல்வது போதாது, எங்கேயும் எவரிடமும் சொல்ல வேண்டும் என்பது அடுத்த படி. சமையற்காரி தாயம்மா கேட்டாள். கம்பவுண்டர் கேட்டார். வாட்ச்மேன் கேட்டார். "சிஸ்டர் எங்க?" "வாளி எங்க?" எல்லோரிடமும் சொன்னாள், எல்லோரிடமும் கையை நீட்டினாள். தாயம்மா மடியில் கருப்பட்டி முடிந்தே திரிந்தாள்.

"இந்தப் பிள்ளைய போலீஸ்ல சேக்கலாம். ஒரு சாமான் காணாமப் போவாது," என்றாள் தாயம்மா. நாங்கள் சிரித்தோம்.

4. ஜீப்

கூட்டம் ஒன்றைப் போலீஸ் அடித்துக் கலைத்த பிறகு பொன்னையனைத் தேடினார்கள். நோட்டீஸ் கட்டுகளைத் துணிக்குள் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பிடிபட்டவர்களை என்ன செய்தார்கள் என்று ஆஸ்பத்திரியில் இருந்த எங்களுக்குத் தெரியும். கட்டுப் போட எங்களிடம்தானே கொண்டுவந்தார்கள்.

ஒரு மத்தியான நேரம் அவர் பின்வேலியைத் தாண்டி வந்தார். பிள்ளையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தெற்கே போய்விடுவேன் என்றார். வெளிச்சம் போகும்வரை விறகுப் புரையில், விறகு அடுக்கும் கொட்டகையில், இருக்கும்படி சிஸ்டர் சொன்னார். கனகம் அவரோடு புரைவரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஜீப் சத்தம் கேட்டது.

தாயம்மா பேசமாட்டாள். சிஸ்டர் பேசமாட்டார். என்னை அடித்தாலும் என் வாயிலிருந்து சொல் வருவது கஷ்டம். இப்படி எண்ணிக்கொண்டு வந்தவன் கனகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். அவள் பாயில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் கேட்டாலும் சொல்வாள். அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தோம். சிஸ்டரைப் பார்த்தேன். அவருக்கும் அப்போதுதான் அது புரிந்தது என்று முகத்தில் தெரிந்தது. பிள்ளையை உள்ளே கொண்டுபோக நேரம் இல்லை. நான் ஒரு சீப்பை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்து தலைசீவத் தொடங்கினேன்.

இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும் வந்தார்கள். கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள். மருந்து அலமாரியைத் திறந்தார்கள். பிறகு இன்ஸ்பெக்டர் பாயின் முன்னால் குனிந்து மலையாளத்தில் கேட்டார்.

"மோளே, அச்சன் எவிடெ?"

"அச்சன் எவிடெ," என்றாள் கனகம்.

"எந்தா?"

"எந்தா."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "இது கிளியாணோ சிஸ்டரே?"

"சொகமில்லாத்த குட்டியாணு சார்," என்றார் சிஸ்டர். நான் மூச்சு விட்டேன். மலையாளத்தில் நாங்கள் பழக்கவில்லை.

அவர்கள் வாசல்வரை போய்விட்டார்கள். அப்போது ஒரு போலீஸ்காரர், இந்தப் பக்கத்து ஆள், வயதானவர், திரும்பி வந்து அவள் முன்னால் குந்தினார். கெட்ட மனுஷன் அல்ல. அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருந்திருக்கும்.

"மக்கா, அப்பா எங்க?"

நான் அவள் காதில் "சந்தையில" என்றேன். பழைய நாட்களில் சொன்னதுபோல, கேள்வி முடிந்த உடனே, தெளிவாகச் சொன்னேன். ஆனால் அவளுக்கு என் வாய் வேண்டாதபடி செய்வதற்குத்தான் அத்தனை மாதம் பாடுபட்டிருந்தோம்.

"அப்பா விறகுப் புரைல," என்றாள் கனகம்.

சொல்லிவிட்டு அந்தப் போலீஸ்காரர் முன்னால் கையை நீட்டினாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மற்ற இருவரும் பின்பக்கம் ஓடினார்கள். கை நீண்டபடியே இருந்தது. சிஸ்டர் வந்தார். தாயம்மாவின் மடியிலிருந்து ஒரு துண்டை வாங்கி அந்தக் கையில் வைத்தார்.

"சிஸ்டரே..." என்று தாயம்மா அழுதாள்.

"அவ சரியாத்தான் சொன்னா," என்றார் சிஸ்டர்.

பொன்னையனை முன்பக்கமாக இழுத்து வந்தார்கள். உதடு கிழிந்திருந்தது. "எவன்லே காட்டிக்குடுத்தது?" என்று எங்களைப் பார்த்துக் கத்தினார். அவர் பார்வை என் மேல் நின்றது.

"ஒனக்க மொவதான் வேய்," என்றார் அந்த வயதான போலீஸ்காரர். "அப்பா எங்கன்னு கேட்டேன். சொல்லிச்சு."

பொன்னையன் நின்றுவிட்டார். லத்தி முதுகில் விழுந்தது. அது அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"எனக்க மொவளா? கேட்டதுக்கா? உள்ளதா சிஸ்டர்?"

சிஸ்டர் தலையாட்டினார்.

"அப்பான்னு சொன்னாளா?"

"சொன்னா."

ஜீப்பில் ஏற்றும்போது அவர் முகத்தில் இருந்ததை என்னவென்று எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்துத்தான் நான் அதிகம் பயந்தேன்.

5. மறுபடியும் தொடங்கியது

அதற்குப் பிறகு எந்த வண்டி வந்தாலும் நாங்கள் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்போம். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று நெடுநாள் தெரியவில்லை. பாடமும் நின்றுபோயிற்று. ஒருநாள் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"கேட்டா சொல்லணும்னு படிப்பிச்சோம். சொல்லமாட்டேன்னு சொல்ல ஒண்ணும் படிப்பிக்கல்ல. பாதிப் பாடம்தான் நடந்திருக்கு, தங்கையா."

ஒரு ஈரத்துண்டை எடுத்துவரச் சொன்னார். அதை அவள் கையருகே கொண்டுபோனார். அவள் அலறும் முன் நான் பின்னாலிருந்து "மாட்டேன்" என்றேன். அவளும் "மாட்டேன்" என்றாள். அந்த நிமிஷமே துண்டு விலகியது. இதற்குக் கருப்பட்டி கிடையாது. துண்டு விலகுவதுதான் கூலி.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டவள் விடவில்லை. குளிக்க மாட்டேன், ஜெபத்துக்கு மாட்டேன், கஞ்சிக்கு மாட்டேன். "ஊமையா இருந்தப்பம் இதவிட நல்லா இருந்திச்சு," என்று தாயம்மா திட்டினாள். சிஸ்டர் அசையவில்லை. அவள் மாட்டேன் என்றால், முடிந்த இடத்தில் எல்லாம் எங்கள் கையைப் பின்னால் எடுக்க வைத்தார்.

பொன்னையன் திரும்பி வந்தபோது மெலிந்திருந்தார். வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. இனி ஊசி பிடிக்க முடியாது. வார்டு வாசலில் நின்று, "கனகம், அப்பாகிட்ட வா," என்று இரண்டு கையையும் நீட்டினார்.

"மாட்டேன்," என்றாள் கனகம்.

பழக்கதோஷத்தில் நான் அவள் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளப் போனேன்.

"தள்ளாதே வேய்," என்றார் பொன்னையன். "அவ மாட்டேன்னு சொல்லியாச்சு இல்லியா."

நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டு, வாசலுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தார். கடைசி பஸ் வரைக்கும் இருந்தார். அவள் வரவில்லை. மறுநாளும் வந்து அங்கேயே உட்கார்ந்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள், ஒரு குழந்தை சொன்னபடி கேட்கத் தொடங்கியதும் சந்தோஷமாக என்னிடம் வந்து சொல்கிறார்கள். எனக்கு அப்போது அந்த ஜீப் சத்தம் கேட்கிறது. அந்தக் குழந்தைக்கு மாட்டேன் என்று சொல்லத் தெரியுமா என்று அவர்களிடம் முதலில் கேட்கிறேன். சொல்லத் தெரியும் என்றால், சொன்னபோது உன் கை பின்னால் வந்ததா என்று கேட்கிறேன்.