மாரி போட்ட விண்ணப்பம்

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் என் கம்ப்யூட்டர் சென்டருக்கு இன்று காலை மாரியின் அப்பா வந்தார்.

மாரியும் நானும் குரூப் ஒன் தேர்வுக்கு ஒன்றாகப் படித்தவர்கள். டெபுடி கலெக்டர் ஆவதுதான் கனவு. நான் பாதியிலேயே விட்டுவிட்டேன். அவன் மூன்றாவது முறையும் தோற்ற அன்று, யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போனான். நான்கு வருடமாக ஒரு தகவலும் இல்லை.

அவன் விட்டுப்போன நோட்டில் பாஸ்வேர்டு இருந்த பக்கத்தை அவன் அப்பா காட்டி, "அவன் பேருக்கு அப்ளிகேஷன் போடு மக்கா. ஹால் டிக்கெட் வந்தா பரீட்சை எழுதவாது வருவாம்லா" என்றார்.

மறுக்க மனம் வரவில்லை. தேர்வாணைய இணையதளத்தில் அவன் கணக்கைத் திறந்தேன்.

விண்ணப்பம் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது, முந்தாநாள். தேர்வு மையம் கோயம்புத்தூர். புதிய புகைப்படத்தில் தாடியோடு மாரி.

அவர் திரையில் மகனின் கன்னத்தைத் தொட்டார்.

"கோயம்புத்தூருக்குப் போய்த் தேடுவோமா மாமா?"

"இப்பம் வேண்டாம்லே. படிக்கட்டும். பரீட்சை அன்னைக்கு நான் வாசல்ல நிக்கேன். எழுதி முடிச்சிட்டு வரட்டும்."

அவர் போய் வெகுநேரமாகியும் திரையிலிருந்து மாரி என்னையே பார்த்துக்கொண்டிருப்பது போலிருக்கிறது.

வயது வரம்பு தாண்ட எனக்கும் இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. நான் படிக்க உட்கார்ந்தால், உங்களில் யார் கடையைப் பார்த்துக்கொள்வீர்கள்?