தைரியநாதர் காத்து வைத்த குரல்

குருசுக்குப்பத்தின் ஓரத்தில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த தைரியநாதரை ஊமை என்று நினைத்து இரக்கப்பட்டவர்கள் உண்டு. எதிர்வீட்டுக்குக் குடிவந்த ஒரு குடும்பம் ஐந்து மாதம் அவரோடு கைஜாடையிலேயே பழகியது. அவரும் சளைக்காமல் கைஜாடையிலேயே பதில் சொன்னார். ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாள் பூசையில், பாடகர் மாடத்திலிருந்து அவர் குரல் கிளம்பியதும் அந்த வீட்டம்மாள் பூசை நடுவே எழுந்து நின்று, "புதுமை! ஊமை பாடுது, மாதா செஞ்ச புதுமை!" என்று கத்திவிட்டாள். அவளைப் பிடித்து உட்கார வைப்பதற்குள் பக்கத்தில் இருந்தவர்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்தக் குரலைக் கேட்டவர்கள் அவளைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். அப்படியொரு குரல். அவர் பாட எழுந்தால் ஆர்மோனியக்காரர் தன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கோவில் கதவைச் சாத்தினாலும் கடற்கரை வரை கேட்கும் என்பார்கள். ஆனால் வருடத்தில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு லத்தீன் தனிப்பாட்டு, ஏழே நிமிடம். மிச்ச நாளெல்லாம் அது பூட்டித்தான் கிடந்தது.

பூட்டி வைத்ததற்கு அவரிடம் நியாயம் இருந்தது. வாலிப வயதில் முதன்முதலாக அவர் தனியாகப் பாடியபோது, அப்போதிருந்த பங்குச் சாமியார் தட்டிக்கொடுத்து, "இது ஒன்னுது இல்ல, ஆண்டவரு ஒங்கிட்ட ஒப்படைச்சது. ஒரு நாள் கேப்பாரு" என்று சொல்லியிருந்தார். சொன்னவர் மறந்துவிட்டார். கேட்டவர் மறக்கவில்லை. ஆண்டவர் கேட்கும் நாளில் ஒரு கீறல் இல்லாமல், கொடுத்தது கொடுத்தபடி திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று தைரியநாதர் அன்றைக்கே முடிவு கட்டிக்கொண்டார்.

அதன் பிறகு பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. தயிர் இல்லை, புளி இல்லை. வாடைக் காற்று தொடங்கினால் பழுப்பு நிற மப்ளர் ஒன்று கழுத்தில் ஏறும். பங்குனி பிறந்துதான் இறங்கும். சத்தமாகச் சிரிப்பது தொண்டைக்குக் கெடுதல் என்று எங்கோ கேள்விப்பட்டதிலிருந்து, வேடிக்கையான பேச்சு காதில் விழுந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். வாயைத் திறக்க வேண்டாத உத்தியோகமாகத் தேடி, நொத்தேர் என்ற பிரெஞ்சுப் பத்திர அதிகாரி ஒருவரிடம் பத்திரம் படியெடுக்கும் வேலையில் சேர்ந்தார். கலியாணத்தன்று பீடத்தின் முன்னால் சாமியார் சம்மதம் கேட்டபோதுகூடத் தலையைத்தான் ஆட்டினார். தலையாட்டல் செல்லாது என்று சாமியார் பிடிவாதமாக நிற்கவே, ஏதோ முணுமுணுத்தார். "சம்மதம்னு சொன்னாரா, தும்மல அடக்குனாரான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல" என்பாள் அவர் மனைவி மதலேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கில் பிரெஞ்சுக் கொடியை இறக்கி நம் கொடியை ஏற்றிய நாளில் ஊரே தொண்டை கிழியக் கத்தியது. தைரியநாதரும் கூட்டத்தில் நின்றார், கைக்குட்டையை மட்டும் ஆட்டிக்கொண்டு. அவருக்கும் சந்தோஷம்தான், ஆனால் அதற்காகக் கத்த முடியுமா? கொடியேற்றியவர்கள், இவன் பிரெஞ்சுக்காரன் ஆள் என்று முறைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் போவதில் வருத்தப்பட்டவர்களோ, இவன் கைக்குட்டை ஆட்டிக் கேலி செய்கிறான் என்று முறைத்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லாமல் வீட்டுக்கு வந்து மிளகுக் கஷாயம் குடித்தார்.

இதெல்லாம் சிரிக்கிற சங்கதி. சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. அடுத்த தெருவில் தச்சு வேலை செய்யும் சவரிமுத்துவின் மனைவி அற்புதமேரி நோயில் விழுந்து, இனிப் பிழைக்க மாட்டாள் என்று ஆனபோது, தைரியநாதர் வந்து ஒரு மாதா பாட்டுப் பாடினால் தேவலை என்று ஆசைப்பட்டாள். சவரிமுத்துவே வந்து வாசலில் நின்று கேட்டார். அது மார்கழி மாதம். திருநாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. தைரியநாதர் ஒரு காகிதத்தில், "தொண்டைக்கு ஆகாது. செபித்துக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தார். சவரிமுத்துவுக்கு எழுத்து தெரியாது. அந்தக் காகிதத்தை அவர் வேறு யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் அற்புதமேரி போய்விட்டாள். தைரியநாதருக்கு உறுத்தவில்லை என்று சொன்னால் அது பொய். ஆண்டவர் சொத்தை நம் இஷ்டத்துக்கு எடுத்துக் கொடுக்க முடியுமா என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி, அந்த உறுத்தலை ஒருவழியாகப் படுக்க வைத்தார்.

அவரோடு தினமும் மல்லுக்கு நின்றவள் மீன்காரி அன்னக்கிளி. குப்பத்துப் பெண். அவள் புருஷன் பாவாடையும் மச்சினன்மார்களும் கட்டுமரத்தில் கொண்டுவரும் மீனை, நெல்லித்தோப்பு வரைக்கும் சுமந்துபோய் விற்பாள். "நெத்திலே! சங்கரா மீனே!" என்று அவள் தெருமுனையில் குரல் கொடுத்தால் தூங்கும் பூனைகள் எழுந்துவிடும். அவள் குரல் வீணாவதைப் பார்க்கத் தைரியநாதருக்குப் பொறுக்காது. வீட்டுக்கு வெளியே அவளுக்காக மட்டும் வாயைத் திறந்து கிசுகிசுப்பார். அவளோ அவரைப் பிரெஞ்சுக்காரர் பழக்கத்தில் 'முசே' என்பாள், ஐயா என்று அர்த்தம்.

"அன்னக்கிளி, இப்பிடி வாரி எறைக்காத. வேணுங்கறப்போ இருக்காது."

"நல்லா சொன்னீங்க முசே! வாய மூடிக்கினு நடந்தா மீனு தானா எறங்கி ஊட்டுக்குள்ள போவுமா? ஒங்க கொரலு ஜரிகப் பொடவ, பொட்டியில கெடக்குது. எங்குது கட்டிக் கிழிக்கிற பொடவ. கிழியட்டுமே."

மதலேன் உள்ளேயிருந்து சிரிப்பாள். தைரியநாதர் சிரிப்பு வரும் அபாயத்தை உணர்ந்து கொல்லைப்புறம் போய்விடுவார்.

ஐம்பத்து ஏழாம் வருடம் மூன்று ராஜாக்கள் திருநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அந்த வருடம் பூசைக்கு மேற்றிராணியாரே, அதாவது ஆயரே, வருவதாக ஏற்பாடு. தைரியநாதருக்கு ஐம்பத்தொரு வயது. குரலின் உச்சி இன்னும் எத்தனை வருடம் நிற்குமோ என்ற பயம் அவருக்கு உள்ளூர இருந்தது. போதாததற்கு, அவர் பாடாவிட்டால் பாடுவதற்கென்றே பத்திஸ்து என்று ஒருவர் பத்து வருடமாகக் காத்துக்கொண்டிருந்தார். பத்திஸ்து பாடினால் வீதிக்குழாயில் தண்ணீர் வருவதற்கு முன் காற்று வருமே, அந்தச் சத்தம் வரும். ஆகவே தைரியநாதர் நவம்பரிலிருந்தே மனைவியிடம்கூடக் கிசுகிசுப்பதை நிறுத்தி, சிலேட்டில் எழுதிக் காட்ட ஆரம்பித்தார்.

முந்தின ஞாயிறு, பங்குச் சாமியார் இஞ்ஞாசி தாலந்து உவமையைப் பிரசங்கம் செய்தார். எஜமான் தன் வேலைக்காரரில் ஒருவனுக்கு ஐந்து தாலந்து பணமும், ஒருவனுக்கு இரண்டும், ஒருவனுக்கு ஒன்றும் கொடுத்துப் போனான். ஒரு தாலந்துக்காரன் அதைக் குழிதோண்டிப் புதைத்து வைத்து, கேட்டபோது அப்படியே எடுத்து நீட்டினான். எஜமான் அவனைத் திட்டித் துரத்தினான். சாமியார் தைரியநாதரையே பார்த்துக்கொண்டு பேசினார். தைரியநாதரும் மப்ளருக்குள்ளிருந்து பலமாகத் தலையாட்டினார், குடித்துக் கெட்ட தன் அண்டைவீட்டுக்காரனை நினைத்துக்கொண்டு.

திருநாளன்று விடியலில் எழுந்து, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்து, பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு கதவைத் திறந்தார். எதிர்வீடு தெரியவில்லை. அப்படியொரு பனி. காற்று அசையவே இல்லை. கடற்கரைப் பக்கமிருந்து பெண்கள் கூவும் சத்தம் கேட்டது. அதில் ஒரு குரல் உடைந்து உடைந்து வந்தது. அது அன்னக்கிளியின் குரல் என்று புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. நான் அன்றைக்கே சொன்னேனே, வேண்டும்போது இருக்காது என்று! முதலில் அவருக்கு அந்த நினைப்புதான் வந்தது. வந்த மறுகணமே வெட்கமாக இருந்தது. மப்ளரை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தார்.

குப்பத்துப் பெண்கள் கரை நெடுக நின்று ஆளுக்கொரு பக்கமாகக் கூவிக்கொண்டிருந்தார்கள். கொளுத்திய ஓலைப் பந்தம் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. கடல் குளம்போலக் கிடந்தது. கரை எந்தப் பக்கம் என்று சொல்ல அலைச்சத்தம்கூட இல்லை. பாவாடையும் மற்ற நான்கு பேரும் இரண்டு கட்டுமரத்தில் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. மார்கழி நீரோட்டம் தெற்கே இழுக்கும். தெற்கே, புயலில் உடைந்துபோன பழைய பாலத்தின் இரும்புத் தூண்கள் தண்ணீரில் நின்றன. பனியில் அவற்றின் மேல் போய் மோதினால் கட்டுமரமும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சாது.

அன்னக்கிளி அவரைப் பார்த்துவிட்டாள். பேசினால் வெறும் காற்றுதான் வந்தது.

"முசே, நாங்க ஆளாளுக்குக் கத்துறோம், அதுங்களுக்கு எந்தப் பக்கம்னு தெரியல. ஒரே எடத்துல நின்னு ஒரே கொரலு வேணும். எங்குது போயிடுச்சி. ஒங்குது இருக்குதே... குடுங்க முசே."

எட்டு மணிக்குப் பூசை. மேற்றிராணியார். ஈரப் பனி. தைரியநாதர் மப்ளரில் கையை வைத்தார். நல்ல வேளையாகவோ கெட்ட வேளையாகவோ அந்த மப்ளர் மிக நீளம். அதை அவிழ்க்கும் நேரம்தான் அவருக்கு யோசிக்கக் கிடைத்த நேரம். இரண்டு சுற்று வரைக்கும் மேற்றிராணியார் ஞாபகமாக இருந்தார். மூன்றாவது சுற்றில் ஏனோ சவரிமுத்து காகிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தபடி வாசலில் நின்றது ஞாபகம் வந்தது. மப்ளரை அன்னக்கிளியின் கையில் கொடுத்துவிட்டு, மணலில் காலை அகட்டி நின்றார்.

கத்தலாம் என்றால் கத்தி முப்பது வருடம் ஆகியிருந்தது. எப்படிக் கத்துவது என்றே தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தார். லத்தீன் பாட்டை எடுத்தார். பெண்கள் கூவுவதை நிறுத்தினார்கள். கடலிலும் அந்த ஒரு குரல் மட்டும் போனது. பாட்டு முடிந்தது. திரும்ப ஆரம்பித்தார். நாலாவது தடவைக்குள் பனி தொண்டையில் இறங்கிவிட்டது. ஆறாவது தடவை உச்சி போனது. அவருக்கே தெரிந்தது, ஏதோ ஒன்று அறுந்தது மாதிரி. நிறுத்தவில்லை. எத்தனையாவது தடவையிலோ பனிக்குள்ளிருந்து, "ஏய்ய்!" என்று ஒரு பதில் வந்தது. ஏழேகாலுக்கு இரண்டு கட்டுமரமும் மணலில் ஏறின.

பாவாடை நடுங்கிக்கொண்டே சொன்னான். "புரியாத பாஷையில யாரோ பாடுறாங்க. செத்துட்டோம், மேல போயிட்டோம்னுதான் நெனச்சோம். அப்புறம் மணலு காலுல பட்டுது."

அன்னக்கிளி அவனை அடித்தாள், பிறகு அழுதாள். தைரியநாதர் ஓடினார், பூசைக்கு நேரமாகிவிட்டது.

மாடத்தில் அவர் எழுந்து நின்றபோது ஆர்மோனியக்காரர் வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டார். தைரியநாதர் வாயைத் திறந்தார். துருப்பிடித்த தாழ்ப்பாளை இழுத்த சத்தம் வந்தது. மேற்றிராணியார் நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு முறை முயன்றார். அந்தத் தாழ்ப்பாள்கூட வரவில்லை. பத்து வருடக் காத்திருப்புக்குக் கூலியாகப் பத்திஸ்து பாடினார். அதைப் பற்றி எதுவும் சொல்லாமல் விடுவதுதான் கிறிஸ்தவ மரியாதை.

பூசை முடிந்ததும் இஞ்ஞாசி சாமியார் படியேறி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"வருஷம் பூரா காப்பாத்தினீரே, எங்கய்யா அந்தக் குரல்?"

"செலவாயிடுச்சி, சாமி." அவ்வளவுதான் வந்தது, அதுவும் காற்றாக.

"செலவா? எதுக்கு?"

தைரியநாதர் மறுபடி வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. கையை உயர்த்தி ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினார். பிறகு ஜன்னலைக் காட்டினார். கோவில் வாசலில், உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல், ஈர வேட்டியோடு ஐந்து பேர் நின்றார்கள். ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்யக்கூடிய சாமியார் அதைப் பார்த்துவிட்டு, பேசாமல் படியிறங்கிப் போய் அவர்களிடம் விசாரித்தார். திரும்பிப் படியேறி வந்தார். தைரியநாதரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

மப்ளர் திரும்பி வரவில்லை. அது சும்மாடாகி அன்னக்கிளியின் தலையில் மீன்கூடைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. குரல் பங்குனியில் பாதி திரும்பி வந்தது. உச்சி வரவே இல்லை. இனிக் காப்பாற்ற ஒன்றுமில்லை என்று ஆனதும் மனுஷர் பேச ஆரம்பித்தார் பாருங்கள், முப்பது வருடப் பாக்கியையும் சேர்த்து. "அந்த சிலேட்ட எங்கதான் வெச்சேன்" என்று மதலேன் தேடும்படி ஆகிவிட்டது.

ஆனால் பாதிக் குரல் வந்த முதல் நாள் அவர் போனது சவரிமுத்துவின் பட்டறைக்குத்தான். சவரிமுத்து பலகை இழைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அவ இருந்தப்போ வந்திருக்கலாம்" என்றார்.

"வந்திருக்கணும்" என்றார் தைரியநாதர்.

மரத்தூளில் உட்கார்ந்து, அற்புதமேரி கேட்ட மாதா பாட்டை, உடைகிற இடத்தில் உடைந்தபடியே பாடினார். இரண்டாவது அடியில் சவரிமுத்து இழைப்புளியைக் கீழே வைத்தார்.