டியூக் உட்கார்ந்த வாசல்

போன வாரம் மலாக்கா பண்டார் ஹிலிர் திடலில் போலீஸ் நாய்களின் சாகசக் காட்சி என்றார்கள், போய் உட்கார்ந்தேன். நாய்கள் நெருப்பு வளையத்துக்குள் பாய்ந்தன. ஜனங்கள் கைதட்டினார்கள். மோப்பம் பிடிக்கிற நாய்க்கு வளையம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஒரு நாய் என் முழங்காலை உரசிக்கொண்டு போனது. ஈரத் தோல்வாரும் நாய்மயிரும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் ஜப்பான்காரன் காலத்துக்குப் போய்விட்டேன். நீங்களும் வாருங்கள், சாப்பாடு மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. உத்தியோகம், திருடன். மலாக்காவில் எங்கள் போலீஸ் ஸ்டேஷனில் நாய்ப்படை என்று ஒன்று இருந்தது. படை என்றால் ஒரு நாய், இரண்டு ஆள். நாயின் பெயர் டியூக். அதை வளர்த்த வெள்ளைக்காரத் துரை, ஜப்பான்காரன் நெருங்கியபோது, கடைசிவரை உங்களோடு இருப்பேன் என்று சொல்லிவிட்டு மறுநாளே சிங்கப்பூருக்குக் கார் ஏறியவர். நாயை நடத்துகிறவன் சவரிமுத்து, என் வயதுக்காரன். தினமும் காலையில் நான் செமாபோக் வயல்வரப்பில் ஓடி எங்காவது பதுங்க வேண்டும். என் அழுக்குச் சட்டையை முகர்ந்துவிட்டு டியூக் என்னைக் கண்டுபிடிக்க வேண்டும். வாய்க்கால் தண்ணீரில் நடந்து பார்த்தேன், சாணியை மிதித்துப் பார்த்தேன். ஒருநாள்கூட ஜெயித்ததில்லை. அரசாங்கச் சம்பளம் வாங்கிய திருடர்களில் மாட்டிக்கொண்டே இருந்தவன் நான் ஒருவன்தான்.

சவரி நீண்ட தோல்வாரைத் தளர்வாகப் பிடித்தபடி பின்னால் வருவான். இழுக்க மாட்டான். "மூக்கு அதோடது. நமக்கு காலு மட்டும்தான்" என்பான். நாய் சொல்வதை அதன் வாலிலும் காதிலும் படிப்பான். ஆளைக் கண்டுபிடித்தால் டியூக் குரைக்காது, பாயாது. அப்படியே உட்கார்ந்து சவரியின் முகத்தைப் பார்க்கும். உடனே அவன் தன் கையால் ஒரு துண்டு இறைச்சி கொடுப்பான். வேறு யார் கொடுத்தாலும் அது வாய் வைக்காது.

ஜப்பான்காரன் வந்ததும் இறைச்சி மரவள்ளிக்கிழங்காயிற்று. எங்களுக்கும் அதே மரியாதைதான். புது அதிகாரி நாய்க்குத் தாரோ என்று பெயர் வைத்து, கட்டளையெல்லாம் இனி ஜப்பானிய மொழியில்தான் என்றார். நாங்கள் ஒரே வாரத்தில் குனிந்து வணங்கக் கற்றுத் தேறினோம். டியூக் மட்டும் ஆட்சி மாறியதை ஏற்கவில்லை. தாரோ என்று அவர் கத்தினால், பக்கத்தில் யாரையோ கூப்பிடுகிறார் என்பதுபோலத் திரும்பிப் பார்க்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஜப்பான்காரன் போட்ட சியாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். வயிறாரச் சாப்பாடு, நல்ல சம்பளம், மூன்று மாதத்தில் வீடு என்றார்கள். அவ்வளவு நல்ல வேலைக்கு ஏன் துப்பாக்கி முனையில் லாரி ஏற்றினார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒருநாள் காலை, காஜா பேராங் சாலையில் அப்படிப் போன லாரியிலிருந்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிற கோவிந்தன் என்பவர் குதித்து ஓடிவிட்டார். காவலாளியின் கையில் சட்டைதான் மிஞ்சியது. அதிகாரி அந்தச் சட்டையோடு எங்களிடம் வந்தார்.

டியூக் அதை முகர்ந்தது. சாக்கடை ஓரம், வாழைக்கொல்லை என்று தரையிலிருந்து மூக்கை எடுக்காமல், தலைமுறைகளாக மலாய் பேசும் செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டிக்குள் போனது. பின்னால் சவரி, அவன் பின்னால் நான், எங்கள் பின்னால் இடுப்பில் வாளோடு அதிகாரி. ஒரு வீட்டு வாசலில் சரோங் கட்டிய செட்டி அம்மாள் ஒருவர் அவித்த கிழங்கை உரித்துக்கொண்டிருந்தார். டியூக் அங்கே உட்கார்ந்தது. சவரியின் முகத்தைப் பார்த்தது.

கோவிந்தன் உள்ளேதான் இருக்கிறார். அம்மாளின் கை அப்படியே நின்றுவிட்டது. நாய் உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்பது எங்கள் இருவருக்கும்தான் தெரியும். அதிகாரி பயிற்சியைப் பார்க்க ஒருநாளும் வந்ததில்லை. வெயில் அவருக்கு ஆகாது. தனக்குத் தெரிந்த நாலு மலாய்ச் சொல்லில், நாய்க்கு என்ன என்று கேட்டார்.

"லாப்பார், துவான்" என்றான் சவரி. பசிக்கிறதாம்.

அம்மாளுக்கு எங்கள் தமிழ் புரியாது, மலாய் நன்றாகப் புரியும். ஒரு துண்டுக் கிழங்கை டியூக்கின் முன்னால் வைத்தார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பசித்த நாய் சாப்பிடவில்லை என்றதும் அதிகாரியின் புருவம் சுருங்கியது. சவரி குனிந்து, அதே கிழங்கை எடுத்துத் தன் கையால் நீட்டினான். டியூக் வாங்கித் தின்றது. ஆளைக் கண்டுபிடித்ததற்கான பரிசை அது அதிகாரியின் கண்ணெதிரே வாங்கிக்கொண்டது. அந்த மகாபுத்திசாலியும் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு சவரி வாரை இழுத்தான். அவன் இழுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். டியூக் இரண்டு முறை அந்த வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவனோடு நடந்தது. சவரி ஆற்றங்கரையில் போய் நின்று, தடம் தண்ணீரில் போய்விட்டது என்றான். எங்களுக்குக் கன்னத்தில் ஆளுக்கு இரண்டு அறை. நாய்க்கு, உதவாக்கரை என்ற பட்டம். மறுநாள் அதை ராணுவ முகாமுக்குக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்கிற தைரியம் எங்களுக்கு இல்லை. சவரி அதன் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். "அது சரியாத்தான் சொல்லுச்சு. நான்தான் பொய் சொன்னேன்" என்றான்.

யுத்தம் முடிந்ததும் கோவிந்தன் ஜாலான் துக்காங் எமாஸில் தேநீர்க்கடை வைத்தார். வருகிறவர்களுக்கெல்லாம் தேநீரோடு அந்தக் கதையும் கிடைக்கும். ஒருநாள், யாரென்று தெரியாமல் எங்களிடமே சொன்னார். "மூக்கில்லாத நாயி. நான் கதவுக்குப் பின்னால நிக்கிறேன், அது வாசல்ல உக்காந்து கெழங்கு தின்னுட்டுப் போவுது."

நான் வாயைத் திறந்தேன். சவரி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தான். வெளியே வந்து ஏன் என்று கேட்டதற்கு, "மனுஷன் உயிரோட இருந்து சிரிக்கிறாரு. சிரிக்கட்டுமே" என்றான்.

இன்று அந்தக் கடை இருந்த இடத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு விசிறி விற்கிறார்கள். நாய்க்கூண்டு இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. கோவிந்தன் போய்விட்டார். சவரியும் போய்விட்டான். கதவுக்கு முன்னால் கிழங்கு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த அம்மாளின் பெயரைக் கோவிந்தன் தன் கதையில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. இப்போது கேட்கலாமென்றால், சொல்வதற்கு யாரும் இல்லை.